விளக்குப் பிடித்தும் இறுகாத ஜெல்: பல் மருந்து ஹைட்ரோஜெல்லில் கோளாறு தேடும் வரிசை

கோலாலம்பூரில் பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான கோளாறுகளோடுதான் எங்கள் லேப்புக்கு வருகிறார்கள். ஈறுப் பைக்குள் (ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளம்) ஜெல்லை மருந்தோடு ஊற்ற வேண்டும், நீல விளக்கால் இறுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அது தானாகவே கரைந்துபோக வேண்டும். இதுதான் திட்டம். ஆனால் ஜெல் இறுகுவதில்லை. இறுகினால் மருந்து நிற்பதில்லை. உடனே புது ஜெலட்டினுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ஜெலட்டினைச் சந்தேகிப்பது கடைசிப் படியாக இருக்க வேண்டும். பழுது பெரும்பாலும் விளக்கில் இருக்கும், மருந்தில் இருக்கும், இல்லையென்றால் ஏர்கோனில் இருக்கும்.

இங்கே சொல்வது ஜெல்மாவை வைத்து. அதாவது, ஜெலட்டினோடு மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடு வினைபுரிய வைத்துச் செய்வது. 5 முதல் 15 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்துவது. ஹயலூரானிக் அமிலத்தில் செய்யும் ஜெல்லுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மேசையிலும் பிடுங்கிய பல்லிலும் செய்யும் வேலைக்கு மட்டுமே இந்த வரிசை.

முதலில் மூன்று குப்பி

எந்தக் கோளாறோடு வந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். முதல் குப்பியில் ஜெல்மாவும் ஒளித்தூண்டியும் (ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் பொருள்). இரண்டாவதில் அவற்றோடு மருந்து. மூன்றாவதில் முதல் குப்பியின் கலவையேதான், ஆனால் அலுமினியத் தாள் சுற்றி ஒளியே படாமல் வைத்தது. முதல் இரண்டுக்கும் ஒரே தூரத்தில், ஒரே நேரம் விளக்குப் பிடியுங்கள். பிறகு மூன்றையும் 37 டிகிரி நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பாருங்கள்.

- முதல் குப்பியே வழிகிறது: விளக்கு, ஒளித்தூண்டி அல்லது ஜெல்மா. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.
- முதலாவது நிற்கிறது, இரண்டாவது வழிகிறது: மருந்து. "மேலே கட்டி, அடியில் குழம்பு" என்ற தலைப்பைப் பாருங்கள்.
- ஒளி படாத மூன்றாவதும் 37 டிகிரியில் நிற்கிறது: கலவை முன்பே எங்கோ ஒளி பட்டு இறுகியிருக்கிறது. "ஊசிக்குள்ளேயே கெட்டியாகிறது" என்ற தலைப்பு.
- மருந்தோடும் மருந்தில்லாமலும் குப்பியில் இறுகுகிறது, பல்லில் மட்டும் இல்லை: அதற்குத் தனித் தலைப்பு உண்டு.

நீர்த்தொட்டியை விட்டுவிடாதீர்கள். ஜெல்மா ஜெலட்டினின் குணத்தை முழுவதும் விடுவதில்லை. ஏர்கோன் 20 டிகிரியில் ஓடும் அறையில், விளக்கே படாவிட்டாலும் நெய் உறைவதுபோல உறைந்து நிற்கும். அதைப் பார்த்து "செட் ஆயிடுச்சு" என்று எழுதி வைத்துவிட்டு, மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் தண்ணீர்தான் இருக்கும்.

கோளாறு: விளக்குப் பிடித்தும் தண்ணீராகவே இருக்கிறது

*விளக்கின் முனை.* செலவே இல்லாத சோதனை. கிளினிக்கிலிருந்து இரவல் வாங்கிய கியூரிங் லைட் (பல் அடைப்பை இறுக்கும் விளக்கு) என்றால் முனையில் பழைய காம்போசிட் (பல் அடைக்கும் பசை) ஒட்டியிருக்கும். நோயாளிக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறையும் ஒளியைக் குறைக்கும். துடைத்து, உறையைக் கழற்றி, சார்ஜ் முழுதாக ஏற்றிப் பாருங்கள். முனை சில மில்லிமீட்டர் விலகினாலே விழும் ஒளி குறையும். கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஆரஞ்சுக் கண்ணாடி இல்லாமல் விளக்கை முடுக்க வேண்டாம்.

கிளினிக்கில் உள்ள, ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. அதே மீட்டரில், அதே விளக்கு போன மாதம் என்ன காட்டியது, இன்று என்ன காட்டுகிறது என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண் தெளிவாக விழுந்திருந்தால் பாட்டரியோ டையோடோ போய்விட்டது. நீங்களே திறக்காதீர்கள், விற்றவரின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

*விளக்கும் ஒளித்தூண்டியும் பொருந்தவில்லை.* "அக்கா, பேப்பர்ல எல்ஏபி போட்டு முப்பது விநாடியில இறுகுதுன்னு இருக்கு, நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த விளக்கில் என்று. எல்ஏபி என்ற ஒளித்தூண்டி அதிகமாக உறிஞ்சுவது 375 நானோமீட்டர் பக்கம். 405இல் கொஞ்சம் உறிஞ்சும். 420ஐத் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பல் கிளினிக்கில் இருக்கும் சாதாரண எல்இடி விளக்கு ஒற்றை நீலம், ஏறத்தாழ 430 முதல் 480 வரை. காம்போசிட்டில் இருக்கும் கேம்ஃபர்குவினோன் என்ற ஒளித்தூண்டிக்காகவே செய்த விளக்கு அது. கேம்ஃபர்குவினோனின் உச்சம் 468 அருகில். அதை எல்ஏபி மேல் பத்து நிமிடம் பிடித்தாலும் கலவை சூடாகுமே தவிர ஒழுங்காக இறுகாது.

வழி மூன்று. செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

வேறு விளக்கு இரவல் வாங்குங்கள். ஊதா டையோடும் சேர்ந்த "பாலிவேவ்" வகை என்றால் 405 பக்கம் ஒளி வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில விளக்குகளில் ஊதா டையோடு முனையின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே ஒளி தரும். ஜெல் வட்டில் பாதி இறுகி, பாதி கொழகொழவென்று இருந்தால் காரணம் இதுதான். விளக்கைக் கால் திருப்பம் திருப்பி மறுபடி பிடித்துப் பாருங்கள். இறுகிய பாதியும் இடம் மாறினால் உறுதி.

அடுத்தது 405 நானோமீட்டர் எல்இடி விளக்கு வாங்குவது. விலை அதிகமில்லை, மேசை வேலைக்கு இது போதும். ஆனால் கடைசியில் கிளினிக்கில் இருக்கும் விளக்கில்தான் இந்த ஜெல் இறுக வேண்டும் என்பது உங்கள் ஆய்வின் நோக்கம் என்றால், இது பிரச்சினையைத் தள்ளிப்போடுவதுதான்.

மூன்றாவது, ஒளித்தூண்டியை மாற்றுவது. கேம்ஃபர்குவினோன் நீலத்துக்குப் பொருந்தும், ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொஞ்சம் எத்தனாலில் கரைத்து, துணைக்கு ஓர் அமீனும் சேர்க்க வேண்டும். ருதேனியம் சேர்மத்தோடு சோடியம் பெர்சல்பேட் போட்டால் உச்சம் 450 பக்கம் வரும், தண்ணீரிலும் கரையும், வேகமாக இறுகும். குறை, ஆரஞ்சு நிறம். முன்பல் ஈறில் அந்த நிறத்தை எந்த நோயாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஈயோசின் பச்சை ஒளிக்குரியது, உச்சம் 520க்குச் சற்றுக் குறைவு. பல் விளக்கில் அதன் ஓரம் மட்டுமே படும், அதனால் நேரம் பிடிக்கும். இர்காக்யூர் 2959 புற ஊதாவுக்கு; வாய்க்குள் வைக்கும் வேலைக்கு நான் அதை எடுப்பதில்லை.

*ஒளித்தூண்டி கெட்டுப்போனது.* கரைத்து ஜன்னலோரம் வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். எல்ஏபி 0.25 சதவீதத்தில் தொடங்குங்கள்.

*எடை ஏமாற்றுகிறது.* உறைய வைத்து உலர்த்திய ஜெல்மா பஞ்சுபோன்றது. நம் ஊர் ஈரப்பதத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் நிறுத்துப் போடுகிற பத்து சதவீதம் உண்மையில் பத்து அல்ல. சிலிகா ஜெல் போட்டு மூடி வையுங்கள், திறந்ததும் நிறுத்துவிடுங்கள். புதிதாக உலர்த்திய பொடியோடு ஒருமுறை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

*ஜெல்மாவே சரியில்லை.* இதற்கு வருவதற்குள் மேலே உள்ளவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடைக் குளிரில் வைக்க வேண்டும். கூரியர் லாரியில் ஒரு வார இறுதி முழுக்க வெயிலில் நின்ற பாட்டிலை வைத்துச் செய்தால் பிணைப்புக் குழுக்கள் போதிய அளவு ஏறாது. வினை நடக்கும்போது 50 டிகிரி பிடித்திருந்ததா, மாலை இடிமழையில் கரண்ட் போய் ஹாட்பிளேட் அணைந்ததா என்று நோட்டைப் பாருங்கள். அதற்கு மேல் கண்ணால் சொல்ல முடியாது, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனை எடுக்க வேண்டும். 5.3க்கும் 5.7க்கும் இடையே மெத்தாக்ரிலேட் சிகரங்கள் தெரிகின்றனவா, 2.9இல் லைசின் சிகரம் குறைந்திருக்கிறதா என்று வேதியியல் துறையின் என்எம்ஆர் பொறுப்பாளர் பார்த்துச் சொல்வார். இங்கே நிபுணருக்குப் பணம் கட்டுவது, புதுத் தொகுதி செய்வதைவிட மலிவு.

கோளாறு: மேலே கட்டி, அடியில் குழம்பு

மருந்து இல்லாத குப்பியிலும் இப்படியென்றால் ஆழம் அதிகம், இல்லையென்றால் ஒளித்தூண்டி அதிகம். இறுகவில்லையே என்று ஒளித்தூண்டியைக் கூட்டிக்கொண்டே போனால் மேல் அடுக்கே ஒளியை எல்லாம் விழுங்கிவிடும். அளவைக் குறைத்து, ஒரு மில்லிமீட்டர் அடுக்காக ஊற்றி இறுக்கிப் பாருங்கள்.

மருந்துள்ள குப்பியில் மட்டும் என்றால் விஷயம் சுவாரஸ்யமானது. மருந்து இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, நிழல். டாக்ஸிசைக்ளினும் மினோசைக்ளினும் மஞ்சள். எல்ஏபி உறிஞ்சும் அதே இடத்தில்தான் அவையும் உறிஞ்சுகின்றன. குர்குமின் இன்னும் மோசம், உச்சம் 425 பக்கம்; மஞ்சள் மேல் நமக்கு இருக்கும் பாசத்தில் ஆண்டுக்கு ஒருவராவது குர்குமின் ஜெல்லோடு வந்துவிடுகிறார். மற்றொன்று, தின்பது. குர்குமின், டானிக் அமிலம், பச்சைத் தேயிலைச் சாறு போன்றவை ஒளித்தூண்டி உருவாக்கும் தனியுறுப்புகளை (ஜெல்லை இறுக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை) பிடித்து அடக்கிவிடும். நிழலே இல்லாவிட்டாலும் ஜெல் இறுகாது.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கப் புதுக் கருவி வேண்டாம். மருந்துக் கரைசலை, ஜெல்லில் இருக்கும் அதே செறிவில், மெல்லிய கண்ணாடித் தட்டிலோ குவெட்டிலோ ஊற்றி, விளக்குக்கும் மருந்தில்லாத ஜெல்லுக்கும் நடுவில் வையுங்கள். ஒளி கடக்கும் தடிமன் ஜெல்லின் ஆழத்துக்குச் சமமாக இருக்கட்டும்.

- நடுவில் வைத்ததும் ஜெல் இறுகவில்லை: நிழல். அடுக்கை மெல்லியதாக்குங்கள், நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது மருந்து உறிஞ்சாத அலைநீளத்தில் வேலை செய்யும் ஒளித்தூண்டிக்கு மாறுங்கள். எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யூவி-விஸ் கருவியில் மருந்தை 350 முதல் 550 வரை ஓட்டிப் பார்த்தால் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரியும்.
- நடுவில் வைத்தும் இறுகுகிறது, கலந்தால் மட்டும் இறுகவில்லை: தின்கிறது. விளக்கை மாற்றிப் பயனில்லை. மருந்தை பிஎல்ஜிஏ (உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்) துகளுக்குள் அடைத்து ஜெல்லிலிருந்து பிரித்து வையுங்கள். அல்லது வெறும் ஜெல்லை இறுக்கி, பிறகு மருந்துக் கரைசலில் ஊறவையுங்கள். ஆனால் ஈறுப் பைக்குள் வைத்து இறுக்கும் திட்டத்துக்கு இது ஒத்துவராது.

நேரத்தைக் கூட்டும்போது சூட்டைப் பாருங்கள். ஸாக், கோஹன் இருவரும் 1965இல் குரங்குப் பற்களில் செய்த ஆய்வுக்குப் பிறகு, பல் கூழின் (பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள திசு) வெப்பம் 5.5 டிகிரி ஏறுவதை எல்லோரும் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். பல்லுக்குள் தெர்மோகப்பிள் செருகி அளந்துவிட்டு, பத்துப் பத்து விநாடியாக இடைவெளி விட்டு விளக்கு பிடியுங்கள்.

இதற்கு எதிர்மாறாக, *அடியில் கட்டி, மேலே பிசுபிசுப்பு* என்றால் ஆக்ஸிஜன். காற்றுப் படும் அடுக்கு இறுகாமல் நிற்கிறது. கிளினிக்கில் காம்போசிட்டுக்கு வைக்கும் மைலார் ஸ்டிரிப்பை (மெல்லிய பிளாஸ்டிக் நாடா) மேலே போட்டு இறுக்குங்கள், தீர்ந்தது.

கோளாறு: குப்பியில் இறுகுகிறது, பல்லில் இறுகவில்லை

பல் எதில் ஊறிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கழுவிய பல் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு இறுகலைத் தடுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. நன்றாகக் கழுவி, சோடியம் அஸ்கார்பேட் கரைசலில் சிறிது நேரம் வைத்துவிட்டு, மறுபடி கழுவி முயலுங்கள்.

தற்காலிக அடைப்பு இருந்த பல்லா? துத்தநாக ஆக்ஸைடு யூஜினால் சிமெண்ட் என்றால் கிராம்பு வாசனை வரும். யூஜினால் இந்த வகை இறுகலுக்குப் பரம எதிரி என்று காம்போசிட் போடும் எல்லோருக்கும் தெரியும். அதே பாடம் ஜெல்லுக்கும் பொருந்தும் என்பது மட்டும் மறந்துபோகிறது. அந்தப் பல்லை ஒதுக்கிவிட்டு வேறு பல் எடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பையின் வடிவம். ஆழமான, குறுகிய பைக்குள் விளக்கின் முனை நேராகப் பார்ப்பதில்லை. ஈறு மாதிரியை ஒளி புகும் சிலிக்கோனில் செய்திருந்தால் நிஜ ஈறைவிட அதிகமாக ஒளி உள்ளே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஆழம்வரை விளக்கு எட்டும் என்பதை ஓர் ஈறு நோய் நிபுணரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்; வேதியியலால் தீராத கேள்வி இது.

கோளாறு: ஊசிக்குள்ளேயே கெட்டியாகிறது

ஊசியை 37 முதல் 40 டிகிரி நீரில் வையுங்கள். இளகினால் ஏர்கோன்தான் காரணம்: ஊசியைச் சூடாக்கும் உறை, அல்லது சூடான பீக்கரில் வைத்து எடுப்பது போதும். இளகவில்லை என்றால் ஒளி புகுந்திருக்கிறது. அலுமினியத் தாள், மஞ்சள் விளக்கு, ஜன்னலிலிருந்து தள்ளிய மேசை.

ஏர்கோன் தொல்லை தீரவே இல்லையென்றால் குளிர்நீர் மீன் ஜெலட்டினில் செய்த ஜெல்மாவைப் பாருங்கள். அது பத்து டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும், அறையில் ஓடும் திரவமாகவே இருக்கும். மலேசியாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் கிடைக்கும் ஏ வகை ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து, பி வகை மாட்டிலிருந்து. முஸ்லிம் நோயாளி ஒன்றைப் பற்றிக் கேட்பார், நம் இந்து அம்மா மற்றொன்றைப் பற்றிக் கேட்பார். மீன் என்றால் பதில் சொல்வது எளிது; சைவக்காரருக்கு மட்டும் அதுவும் ஆகாது. ஆய்வு முடிந்த பிறகு ஜெலட்டினை மாற்றினால் எல்லா அளவையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.

கோளாறு: மருந்து சேர்த்ததும் வெள்ளைக் கலங்கல்

குளோர்ஹெக்ஸிடின்தானே? பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் சேர்ந்த உப்புக் கரைசல்) கரைத்திருப்பீர்கள். பாஸ்பேட்டோடும் குளோரைடோடும் சேர்ந்து அது படிந்துவிடும். ஆல்ஜினேட் கலந்த ஜெல் என்றாலும் எதிரெதிர் மின்னேற்றத்தால் இதே கதைதான். ஜெல்மாவை உப்பில்லாத தூய நீரில் கரைத்துப் பாருங்கள். இன்னும் கலங்கினால் மருந்தை நீரோடு, ஒளித்தூண்டியோடு, ஜெல்மாவோடு தனித்தனியே கலந்து எது வெளுக்கிறது என்று பாருங்கள். கலங்கிய ஜெல்லில் ஒளியும் சிதறும், மருந்தின் அளவும் பொய்யாகும். "பரவாயில்லை" என்று மேலே போக வேண்டாம்.

கோளாறு: மருந்து முதல் நாளே கொட்டிவிடுகிறது

ஜெல்லை மேலும் இறுக்கினால் நிற்கும் என்று விளக்கை நீட்டிப்பவர்கள் அதிகம். மெட்ரோனிடசோலின் மூலக்கூறு எடை 171தான். ஜெல் வலையின் கண்கள் அதற்கு மிகப் பெரியவை. எவ்வளவு இறுக்கினாலும் அது வெளியேறும்.

முதலில் அளவீட்டைச் சோதியுங்கள். ஜெல் வட்டின் மேலிருக்கும் மருந்தை ஒருமுறை அலசிவிட்டு நேரத்தை எண்ணத் தொடங்கினீர்களா? அலசிய நீரையும் அளந்தீர்களா? அதற்குப் பிறகுதான் மாற்றங்கள்: ஜெல்மா செறிவைக் கூட்டுவது (கொஞ்சம் உதவும்), களிமண் துகள் லாபோனைட் சேர்ப்பது (நேர் மின்னேற்ற மருந்துக்கு மட்டும்), பிஎல்ஜிஏ துகளில் அடைப்பது (வேலை அதிகம், பலன் நிச்சயம்). மருந்தை ஜெல்மாவோடு வேதிப்பிணைப்பில் கோர்ப்பது கடைசி. அதை வேதியியலாளர் இல்லாமல் தொடங்காதீர்கள். பிணைத்த மருந்து புது மருந்தாகவே கருதப்படலாம்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், குறுக்குப் பிணைத்த ஜெலட்டினில் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்ஸிடின் வைத்த பெரியோசிப் என்ற ஈறுப் பைச் சில்லு 7 முதல் 10 நாளில் கரைகிறது. உங்கள் குப்பியில் கிடைக்கும் நாள் கணக்கு வாயில் கிடைக்காது: 5 மில்லிமீட்டர் பையில் ஈறு நீர் மணிக்குச் சுமார் 40 முறை மாறுகிறது. அசையாத குப்பிக்குள் எடுத்த வரைபடத்தைக் காட்டி "பத்து நாள் நிற்கும்" என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்.

*வெளியே வந்தது, போட்டதைவிடக் குறைவு* என்றால் மருந்து சிதைந்திருக்கலாம் அல்லது வலையில் ஒட்டியிருக்கலாம். மருந்துக் கரைசலுக்குத் தனியாக விளக்கு. மருந்தும் ஒளித்தூண்டியும் சேர்த்து விளக்கு. விளக்கே இல்லாமல் 37 டிகிரியில் அத்தனை நாள். மூன்றையும் எச்பிஎல்சியில் (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) பாருங்கள். டாக்ஸிசைக்ளின் 37 டிகிரி நீரில் தானாகவே சிதையும். ஒளியும் அதற்கு ஆகாது. யூவி-விஸ் மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது, சிதைந்த பொருளும் அதே இடத்தில் உறிஞ்சக்கூடும். எச்பிஎல்சி தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கோளாறு: கரையும் வேகம் கணக்குக்கு வரவில்லை

வெறும் பிபிஎஸ்ஸில் ஜெல்மா வாரக்கணக்கில் கிடக்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்; அழற்சியுள்ள பையில் எம்எம்பி-8 போன்ற, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. கொலாஜனேஸ் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நொதி போட்டும் கரையவில்லை என்றால் கால்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கொலாஜனேஸ் வேலை செய்யாது; கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ இருந்தால் கேட்கவே வேண்டாம். நொதி பழையது என்றால் வெறும் ஜெலட்டினில் போட்டு உயிர் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

டாக்ஸிசைக்ளின் ஜெல் மட்டும் நீண்ட நாள் தாங்குகிறதா? ஜெல் உறுதியாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளினே கொலாஜனேஸைத் தடுக்கும் மருந்து. ஈறு நோய்க்கு 20 மில்லிகிராம் மாத்திரையாக அதைக் கொடுப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். அதே நொதித் தொட்டியில் வெறும் ஜெல் ஒன்று, அதே திரவத்தில் டாக்ஸிசைக்ளின் கரைத்துப் போட்ட வெறும் ஜெல் ஒன்று. இரண்டாவதும் தாங்கினால் தெளிவு.

கோளாறு: ஜெல்லோடு வளர்க்கும் செல்கள் சாகின்றன

ஜெல்மாப் பொடியை முகராமல், டயாலிசிஸ் (சவ்வுக் குழாயில் இட்டு மிச்ச வேதிப்பொருளை நீரில் கழுவுவது) நோட்டைப் பாருங்கள். 12–14 கிலோடால்டன் குழாயில், 40 டிகிரியில், தினமும் நீர் மாற்றி ஏறக்குறைய ஒரு வாரம் ஓடியிருக்க வேண்டும். தண்ணீர் தடைபட்ட வாரத்தில் நாளைக் குறைத்திருந்தால் மெத்தாக்ரிலிக் அமிலம் மிச்சம் இருக்கும். கரைசலின் அமிலத்தன்மை காட்டிக்கொடுக்கும். மறுபடி டயாலிசிஸ் போடுங்கள். அதன் பிறகும் செத்தால் ஒளித்தூண்டி அளவு, பிறகு மருந்தின் அளவு. எல்லாம் சரியாக இருந்தும் அழற்சிக் குறிகள் மட்டும் ஏறினால் ஜெலட்டினில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) இருக்கலாம். அதை அளக்க வெளி லேப்புக்கு அனுப்ப வேண்டும்.

கோளாறு: ஈரப் பல்லில் ஒட்டாமல் நழுவுகிறது

ஜெல்மாவின் இயல்பு இது. பல்லை மெல்ல ஒற்றிவிட்டு ஊற்றுங்கள். டோப்பமைன், டானிக் அமிலம் சேர்த்தால் ஒட்டும். ஆனால் அவை தின்னும் ரகம், குவெட்டுச் சோதனைக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

மேசையை விட்டு நகரும் முன்

ஆள் வாயில் வைக்கும் பேச்சு வந்தால் இந்த வரிசை முடிந்துவிட்டது. முதலில் நெறிமுறைக் குழு: சுகாதார அமைச்சின் ஆளோ இடமோ சம்பந்தப்பட்டால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து அமைச்சின் குழுவிடம் போக வேண்டும், பல்கலைக்கழகத்துக்குள் என்றால் அதன் குழுவிடம். அடுத்து, மருந்தும் ஜெல்லும் சேர்ந்த பொருள் மருத்துவச் சாதனமா மருந்தா என்ற கேள்வி. முதன்மையாக எது வேலை செய்கிறது என்பதை வைத்து, 737ஆம் சட்டத்தைச் செயல்படுத்தும் மருத்துவச் சாதன ஆணையம் பக்கமோ, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ பக்கமோ போகும். ஜெல் மருந்தைச் சுமப்பது மட்டுமே, கிருமியைக் கொல்வது மருந்து என்று உங்கள் ஆய்வேட்டில் எழுதியிருந்தால், என்பிஆர்ஏ பக்கம் போகத் தயாராகுங்கள். அந்த வரியை எழுதும் முன்பே மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.